மணிச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்கு ஏன் கிடைப்பதில்லை?

சிங்கப்பூரில் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் வைத்திருப்பவர்களின் எந்த வாட்ஸ்அப் குழுவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இலை ஊதாவாகிவிட்டது என்று ஒருவர் படம் போட்டால் போதும், பத்தே நிமிடத்தில் பதில் வந்துவிடும்: "பாஸ்பரஸ் கம்மி, எலும்புத் தூள் போடுங்க." கத்தரி பூக்கவில்லையா, அதற்கும் எலும்புத் தூள். மல்லிகை மொட்டு வைக்கவில்லையா, அதற்கும் அதே மருந்து. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பாஸ்பரஸ் குறைவு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒன்று, மண்ணுக்குள் நடப்பது வேறொன்று. அந்த வித்தியாசம் பிடிபடாமல் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போட்டாலும் செடி அப்படியேதான் நிற்கும்.

ஊரில் விவசாயம் பார்த்த குடும்பம் என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று கேட்டிருப்பீர்கள். உரப் பையில் 15-15-15 என்று மூன்று எண்கள் இருக்கின்றனவே, அவை இந்த மூன்றும்தான், இதே வரிசையில். நடு எண் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். இந்தக் கட்டுரை முழுக்க அந்த நடு எண்ணைப் பற்றியதுதான்.

செடிக்கு இது எதற்கு?

வெயிலில் இருந்து இலை பிடிக்கும் சக்தியைச் செல்லுக்குள் கைமாற்றிக் கொடுக்கும் மூலக்கூறில் பாஸ்பரஸ் இருக்கிறது. மரபணுவிலும் இருக்கிறது, செல்லைச் சுற்றியுள்ள சவ்விலும் இருக்கிறது. ஆகவே புதிதாக எது வளர்ந்தாலும் இது வேண்டும். வேர் பிடிக்கும் நாற்றுக்கு மிக அதிகமாக வேண்டும். விதைக்குள் தாய்ச்செடி கொஞ்சம் பாஸ்பரஸைச் சேமித்து அனுப்புவதும் அதற்காகத்தான். அளவு என்று பார்த்தால் அதிகமில்லை. காய்ந்த செடியின் எடையில் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 சதவீதம், அவ்வளவுதான்.

"பூ வேண்டுமா, பாஸ்பரஸ் போடு" என்பது பாதி உண்மை. மணிச்சத்து போதாத செடி தாமதமாகப் பூக்கும், சரி. ஆனால் போதுமான அளவு கிடைக்கும் செடிக்கு மேலும் மேலும் கொட்டினால் கூடுதலாகப் பூக்காது. வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் மல்லிகை பூக்கவில்லை என்றால் நான் முதலில் கேட்பது அங்கே நேர்வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதைத்தான். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

சிபிஎஃப் கணக்கில் பணம், பர்ஸில் ஒன்றுமில்லை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து உங்கள் சிபிஎஃப் கணக்கில், அதாவது மத்திய சேமநிதியில், பணம் சேர்கிறது. அறிக்கையைத் திறந்து பார்த்தால் தொகை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு, அந்தக் கணக்கைக் காட்டிக் காசு கொடுக்க முடியுமா? உங்கள் பணம்தான், உங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய சமையலுக்கு உதவாது.

மண்ணில் இருக்கும் மணிச்சத்தும் இப்படித்தான். சாதாரண மேல்மண் ஒரு கிலோவில் சில நூறு மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். இதை மொத்த பாஸ்பரஸ் என்கிறார்கள். இதில் பெரும்பகுதி கனிமங்களோடும் மக்கிய பொருள்களோடும் ஒட்டிக் கிடப்பது. மண்துகள்களுக்கு இடையே உள்ள ஈரத்தில் கரைந்திருப்பதைத்தான் வேர் உறிஞ்ச முடியும். அந்தக் கரைசலில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது, பல மண்ணில் 0.1 மில்லிகிராமுக்கும் கீழே. வேர் உறிஞ்ச உறிஞ்ச, லேசாக ஒட்டியிருப்பதிலிருந்து கொஞ்சம் கரைந்து அந்த இடத்தை நிரப்பும். கரைந்திருப்பது, விரைவில் கரையக் கூடியது, இரண்டையும் சேர்த்துத்தான் கிடைக்கும் பாஸ்பரஸ் என்கிறார்கள். செடியைப் பொறுத்தவரை கணக்கில் வருவது இது ஒன்றுதான்.

ஆக, "மண்ணில் மணிச்சத்து குறைவு" என்று ஒருவர் சொன்னால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். கணக்கே காலி என்பது ஒன்று. கணக்கில் நிறைய இருந்தும் எடுக்க முடியவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு உரம் போட வேண்டும். இரண்டாவதற்கு உரம் மட்டும் போட்டால், போட்டதில் பெரும்பகுதி அதே பூட்டிய கணக்கில் போய்ச் சேரும்.

யார் பூட்டுவது?

புக்கிட் தீமா பக்கம் எங்கேயாவது கட்டுமானத்துக்காக மண்ணைத் தோண்டிப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், செங்கல் நிறத்தில் இருக்கும். கருங்கல் பாறை வெகுகாலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டான மண் அது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் கால்சியம், மெக்னீசியம் போன்றவை காலப்போக்கில் கரைந்து போய்விடுகின்றன. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. அந்தச் சிவப்பு, இரும்பின் சிவப்பு. இப்படிப்பட்ட மண் பெரும்பாலும் அமிலத்தன்மையோடு இருக்கும்.

அமிலத்தன்மையை அளக்கும் எண்தான் பிஎச். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்தச் சிவப்பு மண்ணில் 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட எண்ணைப் பார்ப்பது சாதாரணம். அந்த நிலையில் இரும்பு, அலுமினியத் துகள்களின் மேற்பரப்பு பாஸ்பரஸை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நிலைப்படுதல் என்று பெயர். பிடித்த புதிதில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். நாளாக ஆக இறுகிவிடும். நீங்கள் இன்று போடும் உரத்திலிருந்து முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎச் ஏறி 7-ஐத் தாண்டினால் இன்னொரு ஆள் வந்து பிடித்துக்கொள்கிறது, அது கால்சியம். இரண்டு பக்கமும் பூட்டு அதிகம் இல்லாத இடம் ஏறக்குறைய 6-க்கும் 7-க்கும் நடுவே. பெரும்பாலான காய்கறிகளுக்கும் அந்த இடம்தான் தோதானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர் மண் எல்லாம் சிவப்பு மண் இல்லை. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் மணல் அதிகம். அங்கே பூட்டுவதற்கும் ஆள் குறைவு, சேமிப்பும் குறைவு, கணக்கே காலி என்ற வகை. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளிலும் நம் தொட்டிகளிலும் இருப்பது யாரோ கலந்து கொட்டிய மண். அதில் உரம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். தேங்காய் நார்த்தூள் அதிகம் உள்ள தொட்டிக் கலவையில் பாஸ்பரஸ் பெரிதாக ஒட்டாது, தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழ்த்தட்டுக்கு வந்துவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மொத்தமாக இருப்பது வேறு, செடிக்குக் கிடைப்பது வேறு. சிவப்பு அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பூட்டுகின்றன, கார மண்ணில் கால்சியம் பூட்டுகிறது, நடுவில் பூட்டு தளர்கிறது.

நகராத சத்து

தழைச்சத்தை மேலே தூவித் தண்ணீர் விட்டால் நீரோடு வேருக்கு இறங்கிவிடும். மண்ணில் மணிச்சத்து அப்படி இறங்காது. போட்ட இடத்திலிருந்து ஒரு பருவத்தில் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பெரிது. மேலே தூவிவிட்டு, கால் அடி கீழே இருக்கும் வேருக்கு அது எட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். சத்து வராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

வேருக்கு இதில் ஒரு கூட்டாளி உண்டு, வேர்ப்பூஞ்சை. வேரோடு சேர்ந்து வாழும் இந்தப் பூஞ்சை, வேர்மயிரைவிட மெல்லிய இழைகளை வெகுதூரம் விட்டுப் பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. வெண்டை, கத்தரி, மிளகாய், பயத்தங்காய் எல்லாவற்றுக்கும் இந்த உதவி உண்டு. கைலான், சாய் சிம் போன்ற முட்டைக்கோஸ் குடும்பக் கீரைகளுக்குக் கிடையாது. தண்டுக்கீரை, முளைக்கீரைக்கும் பெரும்பாலும் கிடையாது. கடையில் வேர்ப்பூஞ்சைப் பொடி வாங்கிக் கீரைப் பாத்தியில் தூவுகிறவர்கள் அந்த வெள்ளியை மிச்சம் பிடிக்கலாம்.

உண்மையிலேயே குறைவா?

மணிச்சத்து போதாத செடி முதலில் குட்டையாக நிற்கும். இலை சிறுத்து, கரும்பச்சையாக இருக்கும். மஞ்சளாகாமல் கரும்பச்சையாக இருப்பதால் "நல்லா தானே இருக்கு" என்று நாமும் விட்டுவிடுவோம். சில செடிகளில் இலையின் அடிப்பக்கமும் காம்பும் ஊதாவாகும். இதில் கவனிக்க வேண்டியது எந்த இலை என்பது. பாஸ்பரஸ் போதாதபோது செடி கீழே உள்ள பழைய இலைகளிலிருந்து அதை எடுத்து மேலே புதுத் தளிருக்கு அனுப்பும். அதனால் அறிகுறி கீழ் இலையில்தான் தொடங்கும். மாங்கன்றின் தளிர் செம்பழுப்பாக வந்தால் அது அதன் இயல்பு, அதற்கு வைத்தியம் வேண்டாம். ஊதாத் தண்டு உள்ள கத்தரி ரகமும் அப்படியே. வேர் நீரில் ஊறி அழுகினாலும் இலை ஊதாவாகும், ஏனென்றால் மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. டிசம்பர், ஜனவரி மழையில் பார்க்கும் ஊதா பல நேரம் இந்த வகை.

ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள். மண்ணில் குத்தினால் மூன்று சத்தையும் காட்டும் என்று இணையத்தில் மலிவாக விற்கும் கருவிகளை நான் வாங்கச் சொல்லமாட்டேன். அவை பெரும்பாலும் மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து மூன்று எண்களை ஊகித்துக் காட்டுபவை. வேதிக் கரைசலோடு வரும் சிறு பெட்டி பரவாயில்லை. பாத்தியில் ஐந்தாறு இடத்தில் விரல் ஆழத்துக்கும் கீழே இருந்து மண் எடுத்து, கலந்து, நிழலில் காயவைத்து, கரைசல் சேர்த்துக் குலுக்கிவிட்டுத் தெளியவிட வேண்டும். சிவப்புக் களிமண் லேசில் தெளியாது; ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள், அல்லது காப்பி வடிக்கும் தாளில் வடியுங்கள், இல்லாவிட்டால் கலங்கல் நிறம் கணக்கைக் குழப்பிவிடும். தெளிந்த நீரில் பொடியைப் போட்டதும் நீலம் வரும். நீலம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பரஸ் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு. துல்லியமான எண் வேண்டுமென்றால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், ஆனால் நாலு கத்தரிச் செடிக்கு அது அதிகம்தான். எப்படிச் செய்தாலும் பிஎச்சையும் சேர்த்து அளந்துவிடுங்கள். அது தெரியாமல் அடுத்த பகுதியால் பயனில்லை.

சரி, எப்படிச் சரிசெய்வது?

முதலில் பூட்டைத் தளர்த்த வேண்டும். பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் சுண்ணாம்புத் தூளை மண்ணோடு கலந்து கொத்திவிடுங்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராமில் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்துவிட்டுத் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். ஒரே நாளில் 7-க்கு ஏற்றிவிடலாம் என்று கொட்டினால் மறுபக்கப் பூட்டுக்குள் போய் விழுவீர்கள். அமிலத்தை விரும்பும் இக்சோரா போன்ற செடிகள் பக்கத்தில் இருந்தால் அவற்றின் அருகே போட வேண்டாம். சுண்ணாம்பையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே நாளில் ஒன்றாகக் கலந்து போடுவதும் வீண். சுண்ணாம்பின் கால்சியம் உரத்தை அங்கேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

மக்கிய உரம் இந்த இடத்தில் பெரிய உதவி, பலர் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. அதில் உள்ள மணிச்சத்து கொஞ்சம்தான். ஆனால் மக்கும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் இரும்பு, அலுமினியத் துகள்களின் பிடிமான இடங்களைத் தாங்கள் நிரப்பிக்கொள்வதால், பாஸ்பரஸுக்குப் பிடிபட இடம் குறைகிறது.

அப்புறம் உரம். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பையில் உள்ள நடு எண் பாஸ்பரஸின் எடை இல்லை, பாஸ்பரஸ் ஆக்சைடாக எழுதும் பழைய வழக்கம். அதை 0.44-ஆல் பெருக்கினால்தான் உண்மையான பாஸ்பரஸ். 15 என்று போட்டிருந்தால் பாஸ்பரஸ் 6.6 சதவீதம். சோதனையில் குறைவு என்று தெரிந்த பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் பாஸ்பரஸ் நல்ல தொடக்கம். பையின் கணக்கில் அது ஏறக்குறைய 11.5 கிராம். நடு எண் 46 உள்ள டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட் என்றால் 25 கிராம் போதும். நடு எண் 15 உள்ள எலும்புத் தூள் என்றால் 77 கிராம். கோழி எரு உருண்டையில் நடு எண் 3 என்றால் 380 கிராம் வரும். வாடகைப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஆகவே இந்த எண்களை இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். சூப்பர் பாஸ்பேட் 60 கிராம் சொச்சம். அவ்வளவு சிறிய அளவு இது. கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடும் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

எதை வாங்குவது? சூப்பர் பாஸ்பேட் நீரில் கரையும், வேகமாக வேலை செய்யும், அமில மண்ணில் வேகமாகப் பிடிபடவும் செய்யும். அதனால் பாத்தி முழுக்கத் தூவாமல், நடும் வரிசைக்கு நாலைந்து சென்டிமீட்டர் பக்கவாட்டிலும் கீழேயும் ஒரு கோடாக வையுங்கள். எலும்புத் தூள் கரைவதற்கு அமிலம் வேண்டும். பிஎச் 7-ஐத் தொட்ட தொட்டி மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். எலிகளுக்கும் அதன் வாசனை பிடிக்கும், மூடிப் புதைக்காவிட்டால் காலையில் பாத்தி கிளறிக் கிடக்கும். சாமிக்குப் பூப் பறிக்கும் செடிக்கும் துளசிக்கும் மாட்டெலும்புத் தூளா என்று தயங்குபவர்கள் நம்மில் நிறைய பேர், தயங்க வேண்டியதே இல்லை, பாறைப் பாஸ்பேட்டுக்கு மாறிவிடலாம். அரைத்த பாறைதான் அது, மெதுவாகக் கரையும், அதற்கும் அமில மண் வேண்டும். மலேசியாவின் செம்பனை, ரப்பர்த் தோட்டங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் பாறைப் பாஸ்பேட்டில் ஒரு பங்கு கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்தது; 1958-ல் ஆஸ்திரேலியாவிடம் போகும் முன் அந்தத் தீவின் நிர்வாகம் சிங்கப்பூரோடு இணைந்திருந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பாறைப் பாஸ்பேட் போடப் போகிறீர்கள் என்றால் முதலில் அதைப் போட்டு, சில மாதம் கரையவிட்டு, சுண்ணாம்பைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றினால் கரையாது.

தொட்டிச் செடிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. நீரில் கரையும் சாதாரண உரத்தைப் பையில் சொன்ன அளவில் பாதியாகக் கலந்து அடிக்கடி கொடுத்தால் போதும்.

திரும்பிப் பார்த்தால் வரிசை இதுதான்: பிஎச், மக்கிய உரம், அளந்து எடுத்த பாஸ்பேட், அதுவும் வேருக்குப் பக்கத்தில்.

சமையலறைப் பொருள்கள்

வாழைப்பழத் தோலில் இருப்பது முக்கியமாகச் சாம்பல்சத்து. முட்டை ஓடு சுண்ணாம்பு. எப்சம் உப்பு மெக்னீசியம். இவற்றில் எதுவும் மணிச்சத்துக் குறைவைச் சரிசெய்யாது. அரிசி களைந்த நீரில் கொஞ்சம் இருக்கிறது, தண்ணீர் ஊற்றுவதற்குப் பதில் ஊற்றலாம், மருந்து என்று நம்ப வேண்டாம். மீன் முள்ளில் உண்மையாகவே பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அதை வாளியில் ஊறப்போட்டுத் தாழ்வாரத்தில் வைத்தால் செடிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார், மூடாத வாளியில் கொசுவும் முட்டையிடும். பாத்தியில் ஆழமாகப் புதைக்க இடமிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கூடினால்?

தழைச்சத்து அதிகமானால் மழை ஓரளவு கழுவிவிடும். களிமண்ணில் மணிச்சத்து தங்கிவிடும், வருடாவருடம் சேரும். அதிகமாகச் சேர்ந்தால் செடியால் இரும்பையும் துத்தநாகத்தையும் சரியாக எடுத்துப் பயன்படுத்த முடியாமல் புதுத் தளிர் வெளுத்துப்போகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து "சத்து போதவில்லை" என்று மேலும் உரம் போடுவது வழக்கமான கூத்து. வேர்ப்பூஞ்சையும் ஒதுங்கிவிடும், மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி அதற்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் கோழி எரு போட்டு வந்த பாத்தியில் சோதித்தால் நீலம் அடர்த்தியாகத்தான் வரும். அங்கே இரண்டு மூன்று ஆண்டு பாஸ்பேட்டை நிறுத்திவிட்டுத் தழைச்சத்து மட்டும் கொடுக்கலாம்.

இன்னொன்று, சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி. பாத்தியிலிருந்து கால்வாய்க்குப் போகும் நீர் நம்முடைய 17 நீர்த்தேக்கங்களில் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். நன்னீரில் பாசி பெருகாமல் தடுப்பது பல நேரம் பாஸ்பரஸ் பற்றாக்குறைதான். நாம் அதையே அனுப்பிவைத்தால் பாசிக்குக் கொண்டாட்டம். நடைபாதையில் சிந்திய உரத்தைக் குழாய்நீரால் அடித்துக் கழுவாமல் பெருக்கி அள்ளுங்கள். வெறும் மண் தெரியாமல் காய்ந்த இலையால் மூடிவைத்தால், மண்ணோடு ஒட்டிப் போவதும் குறையும்.

எப்போது தெரியும்?

ஊதாவான பழைய இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அடுத்து வரும் இலைகள் அகலமாக வருகின்றனவா, கணுக்களுக்கு இடையே தண்டு நீள்கிறதா என்று பாருங்கள். சூப்பர் பாஸ்பேட் என்றால் சில வாரத்தில் தெரியும். எலும்புத் தூள், பாறைப் பாஸ்பேட் என்றால் இந்தப் பயிருக்கு எதிர்பார்க்காதீர்கள், அடுத்த பயிருக்கு. ஓராண்டு கழித்து, அதே இடங்களில் மண் எடுத்து, அதே பெட்டியால் மறுபடி சோதியுங்கள். வேறு பெட்டியின் நீலத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.